ஓகே அமுக்கினது ஒருத்தர், மாட்டிக்கிட்டது இன்னொருத்தர்: வாசகர் கேள்வி பதில்

எந்த போன் வாங்கலாம், எந்த பிராட்பேண்டு நல்லாருக்குங்கற கேள்விகளை இந்த தடவை ஓரமா வெச்சாச்சு. வீட்டுக்குள்ள வந்துட்ட மெஷினுங்களை பத்தி மனசை உறுத்தற விஷயம் ஏதாவது இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தோம், வந்து குவிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் எடமில்ல, சிலது மட்டும்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க. குழந்தை இருக்கறதால ஹால்லயும் கிச்சன்லயும் கேமரா மாட்டினோம். வீட்டு வேலைக்கு வர்ற அக்கா அதை பாத்துட்டு 'இனிமே வரமாட்டேன்'ங்கறாங்க. தப்பு பண்ணாதவங்க எதுக்கு சார் பயப்படணும்?
– வாசகி, மேடவாக்கம்

இதே வார்த்தையை உங்க மேனேஜர் உங்க சீட்டுக்கு மேல ஒரு கேமராவை மாட்டிட்டு சொன்னா சும்மா இருப்பீங்களா? அந்தக்கா காலையில வந்து புடவையை தூக்கி செருகிக்கிட்டு குனிஞ்சு நிமிந்து வீடு துடைக்கறாங்க, நடுவுல மகளுக்கு போன் போட்டு ஏதோ குடும்ப சண்டை பேசறாங்க, அதெல்லாம் சத்தத்தோட சேர்த்து ரெக்கார்டு ஆகி எங்கேயோ இருக்கற சர்வர்ல போய் உக்காந்துக்குது. ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது நீளமா ஒண்ணு வந்துச்சே, படிக்காம ஓகே அமுக்கினோமே, அது நீங்க அமுக்கினது. அவங்களை யாரும் கேக்கல.

'எங்க வீட்டு வீடியோவை யார் பாக்கப்போறா'ன்னு தோணும். அமெரிக்காவுல ரிங்னு ஒரு கேமரா, அமேசானோடது. 2023 மே மாசம் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் போட்ட வழக்குல என்ன சொல்லியிருந்தாங்கன்னா, கம்பெனி ஊழியர் ஒருத்தரே பொம்பளைங்க வீட்டு பெட்ரூம் பாத்ரூம் வீடியோக்களை ஆயிரக்கணக்குல, மாசக்கணக்கா உக்காந்து பாத்திருக்கார்னு. 58 லட்சம் டாலர் கட்டி முடிச்சாங்க. இங்க குஜராத்ல ராஜ்கோட்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, 2025 பிப்ரவரியில அங்க பொம்பளைங்களை பரிசோதனை பண்ற வீடியோ யூட்யூப்ல வந்ததும் டெலிகிராம்ல விலைக்கு போயிட்டு இருந்ததும் வெளிய வந்துச்சு. அந்த கேமராவோட பாஸ்வேர்டு 'அட்மின்123'. அந்த பொண்ணுங்க யாரும் எந்த ஓகேவும் அமுக்கல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் இருக்கே, அதுல ஒரு தனிமனுஷன் சொந்த வீட்டு உபயோகத்துக்கு வெச்சுக்கற தகவலுக்கு விலக்கு கொடுத்திருக்காங்க, ஆக அந்தக்காவுக்கு அந்த சட்டத்துல பிடிமானம் இல்ல, எல்லாம் உங்க கையிலதான் இருக்கு. கிச்சன் கேமராவை கழட்டுங்க. தொட்டிலை பாத்து ஒண்ணு, வாசக்கதவை பாத்து ஒண்ணு போதும். சத்தம் ரெக்கார்டு ஆகறதை ஆஃப் பண்ணுங்க, கிளவுடுக்கு (அதான், அந்த எங்கேயோ இருக்கற சர்வர்) பதிலா மெமரி கார்டு போடுங்க, பாஸ்வேர்டை மாத்துங்க, அந்த ஆப் யார் யார் போன்லல்லாம் லாகின் ஆகி இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. (மாட்டிக் கொடுத்த உங்க மச்சான் போன்ல இன்னும் இருக்கும், பந்தயம்.) அப்புறம் அந்தக்காவை உக்கார வெச்சு எது எங்க இருக்கு, என்ன தெரியும்னு உங்க போன்லயே காட்டுங்க. அதுக்கப்புறமும் வரமாட்டேன்னா அது அவங்க உரிமை.

நான் எந்த கடனும் வாங்கல. கூட வேலை பாத்த ஒருத்தர் ஏதோ லோன் ஆப்ல வாங்கியிருக்கார், என்னை கூப்பிட்டு அசிங்க அசிங்கமா பேசறானுங்க. என் நம்பர் எப்படி போச்சு?
– வாசகர், ஈரோடு

அவர் போன்ல உங்க பேர் சேவ் ஆகி இருந்துச்சு, அவ்வளவுதான் நீங்க பண்ண தப்பு. ஆப் திறந்ததும் 'காண்டாக்ட்ஸை பாக்கலாமா'ன்னு கேக்கும், ஆத்திர அவசரத்துல இருக்கறவர் சரின்னு அமுக்குவார், அந்த நொடியில அத்தை, டியூஷன் மிஸ், பழைய ஹவுஸ் ஓனர், நீங்கன்னு மொத்த லிஸ்டும் அவனுங்க கைக்கு போயிடும். பேங்க் கடன் கொடுத்தா நகையோ பத்திரமோ கேக்கும், இவனுங்களுக்கு அடமானம் அந்த மனுஷனோட மானம். அதை ஏலம் விடற எடம்தான் நீங்க. கட்ட லேட்டானா போட்டோவை மார்ஃப் பண்ணி லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் அனுப்பறது வரைக்கும் போறாங்க, அவமானம் தாங்காம உசுர விட்டவங்க இருக்காங்க.

ரிசர்வ் பேங்க் 2022 செப்டம்பர்லயே தெளிவா சொல்லிடுச்சு, கடன் கொடுக்கற ஆப் போன்ல இருக்கற காண்டாக்ட், கால் லிஸ்ட், ஃபைல் எதையும் தொடக்கூடாது, கேமரா லொக்கேஷன்லாம் கூட கடன் வாங்கறவர் சம்மதிச்சா ஆரம்பத்துல ஒரே தடவைதான்னு. கூகுளும் 2023 மே 31ல இருந்து ப்ளே ஸ்டோர்ல பர்சனல் லோன் ஆப் காண்டாக்ட்ஸையும் போட்டோவையும் கேக்கறதை தடை பண்ணிடுச்சு. அப்புறம் எப்படி நடக்குதுன்னா, வாட்ஸ்அப்ல லிங்க் வரும், அதை தட்டி ப்ளே ஸ்டோருக்கு வெளியிலருந்து இறக்குவாங்க, அங்க யார் விதியும் கெடையாது.

நீங்க செய்ய வேண்டியது: பேசாதீங்க, திட்டாதீங்க, 'நான் கட்டிடறேன் விடுங்க'ன்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. கால் வந்த நம்பர், மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடுங்க. பணம் போயிருந்தா உடனே 1930க்கு போன் பண்ணுங்க. அந்த நண்பர்கிட்ட கோவப்படாம ஒரு தடவை பேசுங்க, ஊர் பூரா கால் போயிருக்கும், யார் முகத்தையும் பாக்க முடியாம இருப்பார். இனிமே ஆப்ல கடன் வாங்கியே ஆகணும்னு நிக்கறவங்களுக்கு, 2025 ஜூலையில இருந்து ரிசர்வ் பேங்க் சைட்லயே பேங்குகளும் நிதி நிறுவனங்களும் பதிவு பண்ண ஆப் லிஸ்ட் இருக்கு, அதுல பேர் இல்லாததை தொடவேண்டாம்.

ஒரு சோப்பு வாங்கினா கூட பில் கவுன்டர்ல போன் நம்பர் கேக்கறாங்க. கொடுக்கணுமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் துறையே கடைக்காரங்களுக்கு சொல்லிடுச்சு, நம்பர் கொடுத்தாதான் பில்லுன்னு வற்புறுத்தக்கூடாதுன்னு. 'வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க'ன்னு சொன்னா போதும். அந்த பொண்ணுகிட்ட சட்டம் பேசாதீங்க, நம்பர் வாங்கலைன்னா அதுக்கு மேலருந்து திட்டு விழும். முக்கியமா அவசரத்துக்கு பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை சொல்லிட்டு வர்ற பழக்கத்தை விட்டுடுங்க, நெறைய பேர் இதை புத்திசாலித்தனம்னு நெனச்சு பண்றாங்க.

ஐபோன் இப்ப நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செய்யறாங்க. பெருமைப்படறதா, இல்ல அங்க வேலை பாக்கறவங்க கஷ்டத்தை நெனச்சு வாங்காம இருக்கறதா? ஹாஸ்டல்ல இது பெரிய சண்டையா போயிட்டு இருக்கு.
– கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்

தம்பி, ரெண்டு கட்சியும் பாதிதான் பேசறீங்க. 2021 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஆப்பிளுக்கு ஐபோன் செஞ்சு கொடுக்கற சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான்ல வேலை பாத்த பொண்ணுங்க விடுதி சாப்பாடு சாப்பிட்டு நூத்துக்கணக்குல வாந்தி பேதின்னு படுத்துட்டாங்க. ஒரே ரூம்ல கூட்டமா தரையில படுக்கை, சில விடுதியில கக்கூஸ்ல தண்ணி கூட ஒழுங்கா வராதுன்னு பேச்சு. கூட இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம, செத்துட்டாங்கன்னு வதந்தி பரவி, ராத்திரியோட ராத்திரியா சென்னை-பெங்களூர் ஹைவேல வந்து உக்காந்துட்டாங்க. அவ்வளவு நாள் யாருக்கும் கேக்காதது அந்த டிராஃபிக் ஜாம்ல கேட்டுச்சு. ஆப்பிள் ஆள் அனுப்பி பாத்து, சாப்பாட்டு எடமும் தங்கற எடமும் தரத்துக்கு வரலைன்னு ஒத்துக்கிட்டு ஃபேக்டரியை கண்காணிப்புல வெச்சாங்க, சில வாரம் மூடி கெடந்து 2022 ஜனவரியில திறந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல ஃபாக்ஸ்கான் தொழிலாளிங்களுக்காக 18,720 பேர் தங்கற பெண்கள் குடியிருப்பு திறந்தது இந்த கதையோட தொடர்ச்சிதான்.

அதே 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஃபாக்ஸ்கானை பத்தி இன்னொண்ணை வெளிய கொண்டு வந்தாங்க. கல்யாணம் ஆன பொண்ணுங்களை அசெம்பிளி லைன் வேலைக்கு வாசல்லயே திருப்பி அனுப்பறாங்கன்னு. குடும்ப பாரம், பிள்ளை பெறுவாங்க, அப்புறம் தாலி மெட்டி மாதிரி உலோகம் போட்டிருந்தா உற்பத்திக்கு இடைஞ்சல்னு காரணம். கம்பெனி மறுத்துச்சு, புதுசா எடுத்தவங்கள்ல 25 சதவீதம் கல்யாணம் ஆனவங்கதான், உலோகம் கழட்டறது பாதுகாப்புக்காக எல்லாருக்கும் உள்ள விதின்னு சொல்லிச்சு. ஆனா மத்திய அரசு அறிக்கை கேட்டுச்சு, சில மாசத்துல ஆள் எடுக்கற ஏஜென்சிங்ககிட்ட விளம்பரத்துல வயசு, கல்யாணம்லாம் போடாதீங்கன்னு சொல்லிட்டாங்கன்னும் செய்தி வந்துச்சு.

இப்ப உங்க சண்டைக்கு வர்றேன். வாங்காம இருந்தா யாருக்கு நஷ்டம்? 2014 நவம்பர்ல அதே ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி மூடினப்ப (அது வரி தகராறு, வியாபார சரிவு, வேற கதை) ஆயிரக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தாங்க, செய்யாறு திருவண்ணாமலை பக்கத்து பொண்ணுங்க நெறைய பேர், அந்த சம்பளத்துல தம்பியை படிக்க வெச்சவங்க, தனக்கு நகை சேர்த்தவங்க. ஃபேக்டரி மூடறதை அவங்க யாரும் கேக்கல, ஹைவேல உக்காந்தவங்களும் கேக்கல, சோறும் கக்கூஸும்தான் கேட்டாங்க. அதனால போனை வாங்குங்க வாங்காம போங்க, அது உங்க அப்பா பர்ஸ் விஷயம். ஆனா அடுத்த தடவை அந்த பொண்ணுங்க ரோட்டுக்கு வரும்போது 'காலேஜ் பஸ் லேட்டாயிடுச்சு'ன்னு மீம் போடாம இருங்க, முடிஞ்சா எதுக்கு உக்காந்திருக்காங்கன்னு ரெண்டு வரி எழுதி போடுங்க. ஆப்பிள் பயப்படறது அந்த மாதிரி போஸ்ட்டுக்குத்தான்.

ஒரே எடத்துக்கு என் ஆண்ட்ராய்டுல 210 ரூபா, மகள் ஐபோன்ல 260 காட்டுது. போனை பாத்து விலை போடறாங்களா?
– வாசகர், வேளச்சேரி

இந்த சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்ல. 2025 ஜனவரியில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் ரெண்டு பேருக்கும் இதுக்காகவே நோட்டீஸ் அனுப்புச்சு. ரெண்டு பேரும் அப்படி பண்றதே இல்லைன்னாங்க. ஒரே நிமிஷத்துல கூட டிமாண்டை பொறுத்து விலை மாறும்ங்கறதால வெளியிலருந்து நிரூபிக்கறது கஷ்டம், அந்த கஷ்டம்தான் பிரச்சனையே. ஆட்டோக்காரர் அதிகமா கேட்டா நேரா மூஞ்சிய பாத்து சண்டை போடலாம். ரெண்டு போன்லயும் பாத்துட்டு கம்மியானதுல போங்க, வேறென்ன.

அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. அவர் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் நிறைய இருக்கு. அதை வெச்சு ஏஐல அவர் குரலை செஞ்சு வருஷ திதி அன்னைக்கு அம்மாவுக்கு நாலு வார்த்தை பேசற மாதிரி பண்ணலாம்ங்கறான் தம்பி. எனக்கு ஏதோ மாதிரி இருக்கு. நான் பழமைவாதியா?
– வாசகி, திண்டுக்கல்

இல்லைங்க, சரியான எடத்துலதான் உங்களுக்கு உறுத்துது. 2024 ஜனவரியில 'லால் சலாம்' படத்துல 'திமிரி எழுடா' பாட்டுக்கு பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் ஏஐல கொண்டு வந்தார், ரெண்டு பேரும் உயிரோட இல்ல. குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததா அவரே சொன்னார். அடுத்த மாசமே எஸ்.பி.பி. குரலை ஒரு தெலுங்கு படத்துல கேக்காம பயன்படுத்திட்டாங்கன்னு அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினது செய்தியாச்சு. அனுமதி கேட்டது ஒண்ணு, கேக்காதது ஒண்ணு, பெரிய வித்தியாசம்தான். ஆனா ரெண்டுலயும் பாடினவரை யாரும் கேக்கல, கேக்கவும் முடியாது. பாட்டாவது அவங்க தொழில், ஒரு மெட்டு, ஒரு வரி. பேச்சு வேற. கலைஞர் மறைஞ்சு அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் 2024 ஜனவரியில ஒரு புத்தக விழாவுல ஏஐ கலைஞர் திரையில வந்து மகன் ஆட்சியை பாராட்டி பேசினார், பாத்தவங்களுக்கு சிலிர்த்துது, சரி, ஆனா அந்த வார்த்தையை எழுதினது யாரு?

உங்க வீட்டுக்கும் அதே கேள்விதான். அப்பா வாயில தம்பி எழுதின வசனம் வரப்போகுது. 'கவலைப்படாத, நான் நல்லா இருக்கேன்'னு எழுதுவான், பாசத்துலதான் எழுதுவான். அம்மா அதை நம்பிட்டா? ராத்திரி ராத்திரி கேக்க ஆரம்பிச்சுட்டா? அப்புறம் சொத்து பேச்சு வரும்போது 'அப்பாவே சொல்ற மாதிரி' இன்னொண்ணு யாராவது செஞ்சா? நான் ரொம்ப தூரம் போறேன்னு தோணலாம், ஆனா குடும்பத்துல இதைவிட கம்மியான விஷயத்துக்கெல்லாம் அடிச்சுக்கறோம்.

அதுக்கு பதிலா அவர் நிஜமா பேசின மெசேஜையே எடுங்க. 'பால் வாங்கிட்டு வரட்டுமா, பச்சையா நீலமா'ன்னு கேட்டிருப்பார் பாருங்க, அது ஏஐக்கு வராது. முதல்ல எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி எடுத்து வையுங்க, போன் மாத்தும்போது போயிடும். திதி அன்னைக்கு போடறதா இருந்தாலும் முன்னாடியே அம்மாகிட்ட கேளுங்க, சர்ப்ரைஸ் வேண்டாம். அந்த குரலை ஏதோ ஒரு இலவச ஆப்ல ஏத்தவும் வேண்டாம், 'அப்பா பேசறேன், அவசரமா பணம் அனுப்பு' ரக மோசடிக்கு சில நொடி குரல் போதும்.

டிவி நம்மள பாக்குதாமே?
– வாசகர், நாகர்கோவில்

உங்க முகத்தை இல்ல, நீங்க பாக்கறதை. ஸ்மார்ட் டிவி திரையில ஓடறதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சு எந்த நிகழ்ச்சின்னு கண்டுபிடிச்சு கம்பெனிக்கு அனுப்பும், பென்டிரைவ்ல போட்ட படம் வரைக்கும். விசியோங்கற அமெரிக்க கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டிவியில இப்படி சொல்லாம பண்ணி 2017ல 22 லட்சம் டாலர் கட்டுச்சு. செட்டிங்ஸ்ல பிரைவசி பக்கம் போய் 'வியூவிங்'னு எது வந்தாலும் ஆஃப் பண்ணுங்க. பேர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், எல்லாமே நம்ம நல்லதுக்குன்னு தோணற மாதிரிதான் வெச்சிருப்பாங்க.

கேமரா வெச்ச கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு பஸ்ல வர்றாங்களே, அது சரியா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

ரே-பான் மெட்டாவைத்தானே சொல்றீங்க, 2025 மே மாசம் 29,900 ரூபாயில இங்க ஆரம்பிச்சுது. படம் எடுக்கும்போது ஓரத்துல ஒரு சின்ன வெள்ளை லைட் எரியும், அதை பாத்து எதிர்ல இருக்கறவங்க புரிஞ்சுக்கணுமாம். மத்தியான வெயில்ல, ஓடற பஸ்ல, அந்த லைட்டுக்கு அர்த்தம் என்னன்னே தெரியாதவங்ககிட்ட! அதை எரியாம பண்ணித் தர்ற ஆளுங்களும் வந்தாச்சு. 2024ல ஹார்வர்டு பசங்க ரெண்டு பேர் இந்த கண்ணாடியோட முகத்தேடல் சைட்டை இணைச்சு, ரயில்ல எதிர்ல வந்தவங்க பேர், அட்ரஸ் வரைக்கும் எடுத்துக் காட்டினாங்க, எச்சரிக்கைக்காக செஞ்சது, அந்த புரோகிராமை வெளிய விடல. உங்களுக்கு சந்தேகம் வந்தா கேளுங்க, 'ரெக்கார்டு பண்றீங்களா?'ன்னு சத்தமா, கண்டக்டர் காதுல விழற மாதிரி. பஸ்ல எல்லாரும் திரும்பினா பாதி பேர் கழட்டிடுவாங்க.

பேட்டரி வீக்காச்சுன்னு போனையே மாத்த சொல்றாங்க. ரிச்சி தெருவுல மாத்தினா 'ஒரிஜினல் இல்ல'ன்னு மெசேஜ் வருது. ஏமாத்து வேலையா?
– வாசகர், ராயபுரம்

மாத்துங்க, மெசேஜை கண்டுக்காதீங்க. ஆனா மாத்தறவர் போடற பேட்டரி தரமா இருக்கணும், 200 ரூபா மிச்சம் பிடிக்கப் போய் உப்பிப் போச்சுன்னா ஆபத்து. பேட்டரியில இருக்கற சிப்பும் போர்டும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டுக்கற மாதிரி கம்பெனி செஞ்சு வெச்சிருக்கு, கடைக்காரர் கைராசிக்கும் அந்த மெசேஜுக்கும் சம்பந்தமில்ல. பழைய பேட்டரி இருக்கற ஐபோனை சொல்லாம கொள்ளாம மெதுவாக்கினதை ஆப்பிளே 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டது, ஃபிரான்ஸ்ல 2020ல இரண்டரை கோடி யூரோ அபராதம். எத்தனை பேர் 'போன் செத்துருச்சு'ன்னு நெனச்சு புதுசு வாங்கியிருப்பாங்க! ஐரோப்பாவுல 2027 பிப்ரவரியில இருந்து பேட்டரியை வாங்கினவங்களே கழட்ட முடியணும்னு விதி வருது, அதுலயும் நல்லா உழைக்கற பேட்டரிக்கு விலக்குன்னு ஒரு ஓட்டை வெச்சிருக்காங்க.

இதை வெறும் காசு விஷயமா மட்டும் பாக்காதீங்க. அந்த பேட்டரியில இருக்கற கோபால்ட்டு, உலகத்துல எடுக்கறதுல சுமார் 70 சதவீதம் ஆப்பிரிக்காவுல காங்கோ நாட்டு மண்ணு. அங்க கொல்வேசிங்கற ஊர் பக்கம் மெஷின் இல்லாம கையால குழி தோண்டி எடுக்கறவங்க இருக்காங்க, 2014ல யுனிசெஃப் கணக்குப்படி அந்த தெற்கு பகுதி சுரங்கங்கள்ல சுமார் 40,000 பிள்ளைங்க. பேட்டரி மட்டும் மாத்தி ரெண்டு வருஷம் ஓட்டினீங்கன்னா புது போனோட மத்த சாமான் அத்தனையும் மிச்சம், ரிச்சி தெருக்காரருக்கும் பொழப்பு.

பத்து நிமிஷ டெலிவரியில கொத்தமல்லி ஆர்டர் பண்றது பாவமா?
– வாசகி, அண்ணா நகர்

கொத்தமல்லிக்கு பாவம் இல்ல, வண்டியில வர்ற பையனுக்கு பாவம். நேரத்துக்கு பயந்து, இன்னும் ரெண்டு ஆர்டர் எடுத்தாதான் இன்சென்டிவ்னு அடிச்சு ஓட்டறான், விழுந்தா பெரும்பாலும் அவன் செலவு. தமிழ்நாட்டுல 2023ல இவங்களுக்குன்னு நலவாரியம் வந்துச்சு, உங்க அண்ணா நகர்லயே மாநகராட்சி ஏசி ஓய்வறை கட்டிக் கொடுத்துச்சு, நல்ல விஷயம், ஆனா ஓய்வெடுக்க உக்காந்தா ஆர்டர் போயிடும். ஆர்டர் பண்ணுங்க, அரை மணி கழிச்சு வந்தாலும் ஸ்டாரை குறைக்காதீங்க. அப்புறம் உங்க அபார்ட்மென்ட்ல 'டெலிவரி ஆட்கள் லிஃப்ட்டை பயன்படுத்தக்கூடாது'ன்னு போர்டு இருந்தா, அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல அதை எடுக்கச் சொல்லி முதல்ல கை தூக்குங்க.